அப்பா ஏன் நோட்டுக்குத் திரும்பினார்?

கேள்வி: சின்னக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து விற்கிறேன். போன வருடம் 800 கடைகள். இந்த வருடம் புதிதாக 430 கடைகளைப் பிடித்தோம்; இப்போது 1,040 கடைகள் சந்தா கட்டுகின்றன. 30 சதவீத வளர்ச்சி. வாடிக்கையாளர் திருப்தி 5-க்கு 4.6. கேரளாவிலும் ஆள் போட்டு விற்க, பொள்ளாச்சி வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்றால், அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். ஹார்டுவேர் கடை நடத்துகிறவர். என் சாஃப்ட்வேரையே ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு மறுபடி நோட்டுக்குப் போனவர். வளர்ச்சியை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: தம்பி, அப்பாவுக்குப் புரியவைப்பது இருக்கட்டும். ‘மறுபடி நோட்டுக்குப் போனவர்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, ஏன் போனார்? கடிதம் முழுக்கத் தேடினேன். காரணம் இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை, அப்படித்தானே? ‘வயசானவர், கம்ப்யூட்டர் வராது’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆறு மாதம் தட்டிப் பார்த்த மனிதருக்குக் கம்ப்யூட்டர் வராது என்று நான் நம்பவில்லை.

உங்கள் கணக்கையே எடுங்கள். 800-உம் 430-உம் 1,230. கையில் இருப்பது 1,040. மீதி 190 கடைகள் எங்கே? அதைப் பற்றியும் கடிதத்தில் மூச்சில்லை. பழைய 800-ஐ வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய நாலு கடைக்கு ஒன்று கழன்றிருக்கிறது. இதே விகிதம் தொடர்ந்தால் அடுத்த வருடம் 250 கடைகள் போகும். மறுபடியும் 30 சதவீதம் காட்ட 560 புதுக் கடைகளைப் பிடித்தாக வேண்டும். போனவர்களின் இடத்தை நிரப்பத்தான் உங்களுக்குக் கேரளாவும் ஆளும் அப்பாவின் வீடும் வேண்டியிருக்கிறது.

4.6 என்கிறீர்கள். யாரிடம் கேட்டு வந்த 4.6? இந்தத் தொழிலில் பெரும்பாலும், உதவி கேட்டுப் போன் செய்தவரின் புகாரை முடித்ததும் ‘மதிப்பெண் போடுங்கள்’ என்று ஒரு மெசேஜ் போகும். போனை எடுத்த பிள்ளை பணிவாகப் பேசியதற்கு அவர் 5 போட்டிருப்பார். போனே செய்யாமல் நோட்டைக் கையில் எடுத்தவருக்கு அந்த மெசேஜ் போவதில்லை.

2003-ல் பிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்கத் தொழில் ஆலோசகர், வாடிக்கையாளரின் மனதை அறிய ஒரே ஒரு கேள்வி போதும் என்று எழுதினார்: ‘உங்கள் நண்பருக்கு இதைப் பரிந்துரைப்பீர்களா?’ 0 முதல் 10 வரை மதிப்பெண். 9, 10 போட்டவர்களின் சதவீதத்திலிருந்து 6-உம் அதற்குக் கீழும் போட்டவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். 7, 8 எந்தப் பக்கமும் சேராது. பள்ளிக்கூடத்தில் 10-க்கு 6 பாஸ். இங்கே அது எதிரணி. இதற்கு நீங்கள் சர்வே எடுக்க வேண்டாம். கடைவீதியில் பக்கத்துக் கடைக்காரரிடம் உங்கள் அப்பா, ‘என் பையன் செய்தது, நீயும் வாங்கிப் போடு’ என்று ஒரு தடவையாவது சொன்னாரா? பெற்ற பிள்ளைக்காகக்கூட அவருக்கு வாய் வரவில்லையென்றால் அது என்ன மதிப்பெண் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மனம் நோகுமே என்று உங்களிடமும் சொல்லாமல் விட்டிருக்கிறார். அதைப் போய் விவரம் தெரியாதவர் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. பெற்றவர்கள் படுத்துறங்கும் வீட்டைப் பிள்ளையின் தொழிலுக்கு அடகு வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். ஓகோவென்று நடக்கிற தொழிலாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்களுடையதற்கு, அப்பா கையெழுத்துப் போடாததே சரி.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போங்கள். கட்டட வேலைக்குக் கூலி பட்டுவாடா ஆகும் நாள். மேஸ்திரிகள் பாக்கியைத் தீர்க்க வருவார்கள். லேப்டாப்பை எடுத்துப் போகாதீர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த நோட்டைப் பாருங்கள். மேஸ்திரி அனுப்பிய பையன் ஆணி வாங்கிப் போனதை அப்பா எத்தனை வார்த்தையில் எழுதுகிறார்? மிச்சமான பைப் எல்போவைத் திருப்பிக் கொடுத்தால் அந்த வரியை எப்படி அடிக்கிறார்? அதே வேலைக்கு உங்கள் சாஃப்ட்வேரில் எத்தனை பொத்தான் என்று எண்ணுங்கள். கடை சாத்தியதும், ‘ஏம்ப்பா நிறுத்தினீங்க?’ என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

திங்கட்கிழமை, கழன்றுபோன 190-ல் அப்பா நீங்கலாக மீதி 189 பேருக்கும் நீங்களே போன் போட ஆரம்பியுங்கள், ஆள் வைத்து அல்ல. அதுவரை வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.