போக்கர்: டெக்ஸாஸா, பாரசீகமா?

அன்புள்ள ஐயா,
போக்கர் பாரசீகத்தில் பிறந்தது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். நான் டெக்ஸாஸ் என்று நினைத்திருந்தேன். எது சரி? இன்னொன்று, நாலு பேர் கறுப்புக் கண்ணாடி போட்டு உம்மென்று உட்கார்ந்திருப்பதை டிவியில் மணிக்கணக்கில் எப்படிப் பார்க்கிறார்கள்? நம் ரம்மியை யாரும் அப்படிப் பார்ப்பதில்லையே!
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இருவருமே தோற்றீர்கள். போக்கர் உருவானது நியூ ஆர்லியன்ஸிலும் அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றில் ஏறி வந்த நீராவிப் படகுகளிலும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்த ஊரை 1803இல் அமெரிக்கா பிரெஞ்சுக்காரர்களிடமிருந்துதான் வாங்கியது, அவர்களிடம் ‘போக்’ என்று ஒரு சீட்டாட்டம் இருந்தது, பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம். பாரசீகத்து ‘ஆஸ் நாஸ்’ போக்கருக்கு ஒத்த ஆட்டம்தான், ஆனால் அதை எப்படி ஆடினார்கள் என்ற விவரமே 1890 வாக்கில்தான் கிடைக்கிறது. அதற்குள் போக்கருக்கு அறுபது எழுபது வயது ஆகிவிட்டது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதலில் இருந்தது 20 சீட்டுதான். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ். நாலு பேருக்கு ஐந்து ஐந்தாகக் கொடுத்தால் கட்டு காலி, அப்புறம் பந்தயம் கட்ட வேண்டியதுதான். படகில் ஆட ஆள் கூடியதும் முழு 52 சீட்டுக் கட்டு வந்தது. ஐந்து சீட்டும் ஆட்டீனாகவோ இஸ்பேடாகவோ அமைந்தால் பெரிய கை என்ற விதியும், வேண்டாத சீட்டைப் போட்டுவிட்டு வேறு வாங்கும் வசதியும் அப்புறம்தான் சேர்ந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புச் சிப்பாய்களும் முகாமில் இதை ஆடி, ஊர் திரும்பும்போது நாடெங்கும் கொண்டுபோனார்கள்.

டெக்ஸாஸ் வருவது இதற்கும் வெகு பின்னால். இன்று நீங்கள் டிவியில் பார்க்கும் ‘ஹோல்டெம்’ வகை (ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியம், மற்றவை எல்லாருக்கும் பொதுவாக மேசையில் திறந்திருக்கும்) ராப்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தது என்று அந்த மாநிலச் சட்டமன்றமே 2007இல் தீர்மானம் போட்டிருக்கிறது. 1960களில் அது லாஸ் வேகாஸ் போய்ச் சேர்ந்தது. பென்னி பினியன் 1970இல் தன் சூதாட்ட விடுதியில் ‘வேர்ல்ட் சீரீஸ்’ போட்டியைத் தொடங்கினார். அப்போதெல்லாம் அதைப் பார்க்க நீங்கள் சொல்கிற மாதிரியேதான் இருந்திருக்கும். யாரிடம் என்ன சீட்டு என்று தெரியாமல் போக்கரைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

அதை மாற்றியவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்து யூதர், நாஜி முகாம்களில் உயிர் பிழைத்தவர், அமெரிக்காவில் பொம்மைத் தொழிலில் பெரிய ஆளானார். ஆட்டக்காரர் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் கேமராவுக்கு 1995இல் காப்புரிமை வாங்கினார்.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசிக் கணக்காளர் (நிஜப் பெயரேதான்!) இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிச் சுற்றில் ஜெயித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள அந்த ‘வேர்ல்ட் சீரீஸ்’ போட்டிக்குள் வந்துவிட்டார். கடைசியில் அவரும் சாமி ஃபர்ஹா என்ற பழுத்த சூதாடியும்தான் மிச்சம். மணிமேக்கர் கையில் ஒன்றுமே சேரவில்லை, எதிரியிடம் இரண்டு ஒன்பது சேர்ந்த ஒரு ஜோடி, இருந்தும் மனிதர் இருந்த காசு முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டுச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஃபர்ஹா யோசிக்கிறார், யோசிக்கிறார், சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடுகிறார், நடுவில் இருந்த பணம் மணிமேக்கருக்கு. மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியாத அந்தப் பொய், வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும். ஆட்டம் பிடித்துக்கொண்டதற்கு என்னைக் கேட்டால் இதுதான் காரணம். மணிமேக்கருக்கு 25 லட்சம் டாலர் கிடைத்ததும், ‘நாமும் போகலாம் போலிருக்கே’ என்று ஊரே கிளம்பியதும் அதற்கு அடுத்ததுதான். அந்த ஆண்டு 839 பேர் ஆடினார்கள், அடுத்த ஆண்டு 2,576, 2006இல் 8,773.

ரம்மிக்கு வருகிறேன். ஹோல்டெமில் ஆளுக்கு ரகசியச் சீட்டு இரண்டே இரண்டு, திரையில் ஒரு மூலையில் காட்டினால் போதும். ரம்மியில் ஆளுக்குப் பதின்மூன்று. ஆறு பேர் ஆடினால் எழுபத்தெட்டு சீட்டையும் மனதில் வைத்துக்கொண்டு எவன் பார்ப்பான்?