ஆதித் திருச்சபைக் காலத்தில் பரிசேயர்கள் வில்லன்கள் மட்டும்தானா?

கேள்வி நியாயமானது. பரிசேயர்கள் அக்கால யூதச் சமயப் பிரிவினர். ‘மாயக்காரராகிய வேதபாரகரே, பரிசேயரே’ என்ற இயேசுவின் வசனத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு எண்ணம் வருவது கடினம். ஆனால் அதே புதிய ஏற்பாட்டைக் கவனமாகப் படித்தால் படம் மாறுகிறது.

எருசலேம் ஆலயமும் தலைமைக் குருத்துவமும் பெரும்பாலும் சதுசேயர் என்ற இன்னொரு யூதப் பிரிவின் செல்வாக்கில் இருந்தன. பரிசேயர்களின் பலம் மக்களிடம் இருந்தது. மகா ஏரோது மன்னன் காலத்தில் அவர்கள் 6,000 பேருக்கு மேல் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ். எழுதப்பட்ட சட்டத்தோடு முன்னோரின் வாய்மொழி மரபையும் அவர்கள் போற்றினார்கள். மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்றும் நம்பினார்கள். சதுசேயர் இதை மறுத்தனர்.

இந்த நம்பிக்கைதான் முக்கியம். பரிசேயரும் சதுசேயரும் கலந்திருந்த யூத ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்ற அப்போஸ்தலர் பவுல், “நான் பரிசேயன்” என்று அறிவித்து, உயிர்த்தெழுதலுக்காகவே விசாரிக்கப்படுவதாகச் சொன்னதும் சங்கமே இரண்டாகப் பிளந்தது. கெட்டிக்கார வாதம்! அதற்கு முன்பே, அப்போஸ்தலர்களைக் கொல்ல நினைத்தவர்களைத் தடுத்தவர் கமாலியேல் என்ற பரிசேயர். ஏரோது (மகா ஏரோதின் மகன் அந்திப்பா) கொல்லப் பார்க்கிறான் என்று இயேசுவை எச்சரித்தவர்களும் பரிசேயரே என்கிறது லூக்கா 13.

சிலர் திருச்சபையிலேயே சேர்ந்திருந்தார்கள். பிற இனத்து விசுவாசிகளுக்கும் விருத்தசேதனம் (சுன்னத்து) வேண்டும் என்று வாதிட்டவர்கள் அவர்கள்தான் (அப்போஸ்தலர் 15:5).

பின் ஏன் இவ்வளவு கசப்பு? கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தபின் சதுசேயர் மறைந்தனர். பரிசேய மரபு யூத மத போதகர்களான ரபீக்கள் வழியே தொடர்ந்தது. சுவிசேஷங்களில் பெரும்பாலானவை அதன் பிறகு எழுதப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எதிரே மிஞ்சியிருந்த போட்டியாளர் மீதே கோபம் அதிகம் விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.