வாசகர் கேள்வி: ஏரிக்குள் மரம் நிற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர்ச் சிற்றேரியைத் தூர்வாரப் போகிறார்கள். உள்ளே நிற்கும் கருவேல மரங்களையும் வெட்டிவிட்டால் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும் என்கிறார்கள். கொக்கும் நாரையும் கூடு கட்டுவதே அந்த மரங்களில்தான். வெட்டலாமா?
- ஒரு வாசகர், மதுராந்தகம் வட்டம்

பதில்: சீமைக் கருவேலமா, நாட்டுக் கருவேலமா என்று நீங்கள் எழுதவில்லையே! சீமை என்றால் வெட்டட்டும், ஆனால் கூடு உள்ளதை மட்டும் பக்கத்தில் வேறு மரம் தலையெடுக்கும் வரை விட்டு வையுங்கள். நாட்டுக் கருவேலத்தில் கை வைக்கவே வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓரடி விட்டமுள்ள மரம் ஆறடித் தண்ணீரில் நின்றால் அடைக்கும் இடம் 130 லிட்டர் சொச்சம், அதாவது நூறு மரத்தை வெட்டினாலும் கிடைப்பது ஒரு லாரித் தண்ணீர். ஒரு ஏக்கரில் ஓரடி வண்டலை அள்ளினால் 12 லட்சம் லிட்டர்! சண்டை போடுவதென்றால் வண்டலுக்குப் போடுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வேடந்தாங்கல். பேர்தான் சரணாலயம், அதுவும் மண்கரை போட்ட பாசன ஏரிதான், சுமார் 74 ஏக்கர். தண்ணீருக்குள்ளேயே கடப்ப மரங்கள் நிற்கும். சுற்றிலும் தண்ணீர் என்பதால் நாய், நரி கூட்டுப் பக்கம் போக முடியாது, எச்சம் தண்ணீரில் கரைந்து தழைச்சத்தும் மணிச்சத்துமாக மதகு வழியே வயலுக்குப் போய்விடும், உரக்கடைக்குத் தெரியாமல். அந்த ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய், பறவைகளை யாரும் சுடக் கூடாதென்று எழுதி வாங்கியவர்கள். பறவைப் பாசம் பாதி, விளைச்சல் கணக்கு பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதில் தப்பும் இல்லை.

அப்புறம், பொக்லைன் ஓட்டுபவரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். மரத்தடி மண்ணைத் திட்டாக விட்டுவிட வேண்டும், வேர் வெளியே தெரிந்தால் அடுத்த மழைக்கே மரம் சாய்ந்துவிடும். கரையை ஒட்டியும் தோண்டக் கூடாது, கரை சரியும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் போனாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. ஆனால் கோடையில் மாடு குடிக்கவும் மீன் பிழைக்கவும் நாரை இரை தேடவும் அதுதான் மிஞ்சும், அதனால் ஏரி நடுவில் ஒரு பள்ளம் மட்டும் போதும். வேலையைக் குஞ்சுகள் பறந்து போன பிறகு தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடச் சொல்லுங்கள்.