விரல் வாசிக்கும் தமிழ்: வாசகர் கேள்வி-பதில்

பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகளின் படிப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு, இத்துறையில் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

கேள்வி: மலைக்கிராமத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்றாம் வகுப்பில் பார்வையே இல்லாத ஒரு பாப்பா சேர்ந்திருக்கிறாள். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு நாள்தான் மலையேறி வர முடிகிறது. மற்ற நாட்களில், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலை நானே சொல்லிக்கொடுக்கலாமா? எனக்கே தெரியாதே!
*ஆசிரியை, ஏற்காடு*

பதில்: தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். தமிழ் பிரெயிலைக் கண்ணால் பார்த்துப் படிக்க, தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் சில வாரங்களில் வந்துவிடும். பாப்பாவின் விரலுக்குத்தான் அதிக நாள் வேண்டும். அந்த நாட்களை அவசரப்பட்டுச் சுருக்காதீர்கள்.

முதல் மாதம் எழுத்தே வேண்டாம். மிளகையும் காப்பிக் கொட்டையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். அட்டையில் ஜவ்வரிசியை வரிசையாக ஒட்டி, இடமிருந்து வலமாக விரலை ஓட்டச் சொல்லுங்கள். நடுவில் ஓரிடத்தில் ஒன்றை விட்டுவிட்டு, "எங்கே பள்ளம்?" என்று கேளுங்கள். இரண்டு கை ஆள்காட்டி விரல்களும் சேர்ந்து போக வேண்டும். தொடுவது பூப்போல இருக்க வேண்டும். அழுத்தினால் விரல் மரத்துப்போகும், தாளில் புள்ளியும் அமுங்கும்.

பிறகு முட்டை அட்டையில் இரண்டுக்கு மூன்று என ஆறு குழிகளை வெட்டி எடுங்கள். இதுதான் ஒரு பிரெயில் கட்டம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. குழியில் எலுமிச்சம்பழமோ பந்தோ வைத்து எழுத்துகளை அறிமுகப்படுத்துங்கள். அ என்றால் 1 மட்டும். க 1-3, ல 1-2-3, ம 1-3-4, ப 1-2-3-4. 'கல', 'பல', 'மகம்' என்று சீக்கிரமே சொற்களுக்கு வந்துவிடலாம்.

கண்ணால் படித்த நமக்கு இரண்டு இடங்களில் கை தடுமாறும். ஒன்று மெய்யெழுத்தின் புள்ளி. அச்சில் அது எழுத்தின் தலைமேல் இருக்கிறது; பிரெயிலில் 4 மட்டும் உள்ள தனிக் கட்டமாக எழுத்துக்கு முன்னால் வரும். 'கல்' என்பது க, பிறகு 4, பிறகு ல. இரண்டாவது கொம்பு. 'கெ' என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போடுகிறோம். பிரெயிலில் காதுக்கு எந்த வரிசையில் கேட்கிறதோ அந்த வரிசைதான்: க, அடுத்து எ. 'கொ' என்றால் க, ஒ, இரண்டே கட்டம். துணையெழுத்துகளுக்கெல்லாம் உயிரெழுத்தையே போடுகிறோம் என்பதால் 'மலை' என்பது ம, ல, ஐ (3-4). 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த பாரதி பிரெயில் முறை இது. ஒரு வகையில் அச்சுத் தமிழைவிட நேரானது. பாப்பாவுக்கு இதில் குழப்பமே வராது, குழப்பம் நமக்குத்தான்.

எழுத ஆரம்பிப்பதைத் தள்ளிப்போடுங்கள். பிரெயில் பலகையில் எழுத்தாணியால் குத்தும்போது புள்ளி தாளின் மறுபக்கம் புடைப்பதால், வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் குத்த வேண்டும். 1-2-3 அப்போது வலப்பக்கம் வரும். வாசிப்பு கையில் படியும் முன்பே இதைத் தொடங்கினால் இ-யும் (2-4) ஏ-யும் (1-5) மாறி மாறி வரும், ஏனென்றால் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். வள மையத்தில் பெர்கின்ஸ் பிரெயில் இயந்திரம் கிடைத்தால் அதில் தொடங்குவதே நல்லது. அதில் திருப்பல் இல்லை, அடித்ததை உடனே தடவிப் பார்க்கலாம்.

சாதாரண ஜெராக்ஸ் தாள் கிழியும். 120 முதல் 140 ஜிஎஸ்எம் கனத் தாள் வேண்டும். உங்கள் ஊர் மூடுபனியில் தாள் நமுத்துப் புள்ளி படுத்துவிடும் என்பதால் புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், மூடிய தகரப் பெட்டியில் நெருக்காமல் நிற்க வையுங்கள். ஈரம் ஏறிய தாளை நிழலில் விரித்து உலர்த்தலாம். மேலே பாரம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மகன் ஆறாம் வகுப்பு. கண்ணில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று டாக்டர் சொன்னார். பாடத்தையெல்லாம் மிகப் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். முன்பைவிட மெதுவாகப் படிக்கிறான். ஏன்?
*தந்தை, சூரமங்கலம்*

பதில்: உங்கள் அக்கறையில் குறையில்லை ஐயா, எழுத்தின் அளவுதான் அவனுக்கு ஒத்துவரவில்லை. இந்தக் குறைபாட்டில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் 14 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் ஒரு முழுச்சொல் அடங்கினால், 36 புள்ளியில் இரண்டு எழுத்துதான் அடங்கும். அவன் சொற்களாகப் படிக்க முடியாமல் எழுத்துகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒரே அளவு கடினமான பத்திகளை 12, 14, 18, 24 புள்ளிகளில் அச்செடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் படிக்கிறான் என்று எண்ணுங்கள். வேகம் குறையாத மிகச் சிறிய அளவே அவனுக்கு ஏற்றது. கறுப்பு அட்டையில் ஒரு வரி உயரத்துக்குச் சாளரம் வெட்டிப் பக்கத்தின்மேல் வைத்தால் வரி தவறாது. வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ தாளில் விழட்டும். கரும்பலகைக்கு முதல் வரிசைதான் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். நடுப்பார்வை தெளிவாக இருந்தால் இரண்டு வரிசை தள்ளி உட்காரும்போது பலகையில் அதிகப் பகுதி தெரியும். அந்தி சாய்ந்தால் தடுமாறுவான். மாலை வகுப்பு முடிந்து வரும் வழிக்குத் துணையும் டார்ச்சும் வேண்டும்.

வெண்தோல் குறைபாடுள்ள (அல்பினிசம்) பிள்ளைகளுக்கு ஏறக்குறைய எதிர்மாறு. அவர்களுக்குப் பெரிய எழுத்து உதவும், வெளிச்சம் கூசும், ஜன்னலுக்கு முதுகு காட்டி முன்வரிசையில் உட்கார வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒத்துவந்தது உங்கள் பிள்ளைக்கு ஒத்துவராமல் போகலாம். புத்தகத்தை முகத்தருகே பிடித்துப் படித்தால் யாரும் அதட்டக்கூடாது. 30 சென்டிமீட்டரிலிருந்து 15-க்குக் கொண்டுவந்தால் எழுத்து இரண்டு மடங்காகத் தெரியும். அதனால் கண் கெடாது. பார்வை இன்னும் குறையுமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். குறையும் என்றால், கண் படிக்கும்போதே பக்கத்தில் பிரெயிலையும் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். பேராசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடக்குறிப்புகளைக் கணினி வாசிப்பதே இல்லை, அல்லது ஏதோ உளறுகிறது.
*மாணவி, அஸ்தம்பட்டி*

பதில்: வாசிக்காமல் இருப்பதற்கும் உளறுவதற்கும் காரணம் வேறு வேறு. ஒன்றுமே பேசவில்லை என்றால் வந்திருப்பது படம். புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பிடிஎஃப் ஆக்கியிருப்பார்கள். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை அடையாளம் கண்டு உரையாக்கித் தரும். பக்கம் கோணலாகவோ நிழல் விழுந்தோ இருந்தால் பிழை மலியும். ரகரத்தையும் துணைக்காலையும் மாற்றிப் போடும், இரண்டு பத்தி வரிசைகளை ஒன்றாகக் கலக்கும். எனவே செய்யுளை மட்டும் தோழியிடம் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உளறினால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள். திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான், உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டால் சரியாகிவிடும். இனி யூனிகோடில் அடித்து, வேர்டு கோப்பாகவே, தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணி போட்டு அனுப்பும்படி கேளுங்கள். அப்படி இருந்தால் என்விடிஏ திரைவாசிப்பானின் உலாவு முறையில் ஹெச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். இல்லாவிட்டால் நாற்பது பக்கத்தையும் அம்புக்குறியால் கடக்க வேண்டியதுதான். இது சலுகை இல்லை, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

என்விடிஏ இலவசம். அதனுடன் வரும் இஸ்பீக் குரல் தமிழை இயந்திரமாகப் பேசினாலும் வேகத்துக்கு ஈடுகொடுக்கும். இனிமையான குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்பில் தமிழ்ப் பேச்சுப் பொதியை இறக்குங்கள், 'வள்ளுவர்' குரல் கிடைக்கும். பிறகு என்விடிஏ விசை, கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திக் குரல்பொறியை மாற்றலாம். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்கள் தர 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்திலும் உறுப்பினராகிவிடுங்கள்.

கேள்வி: சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வெழுதினால் எவ்வளவு கூடுதல் நேரம்?
*மாணவர், ஆத்தூர்*

பதில்: மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம். விண்ணப்பத்தைப் பள்ளி வழியாக முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நேரத்தைவிடப் பழக்கம் முக்கியம். கேள்வித்தாளை முழுதாக இரண்டு முறை வாசிக்கச் சொல்வது, ணகர னகரத்தைச் சொல்லி எழுத வைப்பது, ஒவ்வொரு விடையின் கடைசி வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்வது ஆகியவற்றை மாதிரித் தேர்விலேயே பழகுங்கள்.

கேள்வி: வரைபடமும் வடிவியலும் எப்படிக் கற்பிப்பது? வாங்கும் கருவிகள் விலை அதிகம்.
*பட்டதாரி ஆசிரியர், ஓமலூர்*

பதில்: கோடு வரைய ஒரு பலகை நீங்களே செய்யலாம். 30-க்கு 40 சென்டிமீட்டர் கெட்டி அட்டையில் கம்பிக் கொசுவலையை இழுத்து ஒட்டி, கையைக் கிழிக்காதபடி நான்கு விளிம்பிலும் அகல டேப் சுற்றுங்கள். மேலே தாளை வைத்து மெழுகுக் கிரேயானால் அழுத்தி வரைந்தால் கோடு சொரசொரவென்று விரலுக்குத் தட்டும். மாணவரும் தானே வரைந்து தானே தடவிப் பார்க்கலாம். கணக்குக்கு, துளைகளில் எண் அச்சுகளைச் செருகும் டெய்லர் சட்டகமும் மணிச்சட்டமான அபாகஸும் வள மையத்தில் கேட்டுப் பாருங்கள். அபாகஸின் அடியில் துணியோ நுரையோ இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் விரல் பட்டதும் மணி நகர்ந்து விடை கலையும்.

வரைபடத்தில் பலரும் செய்யும் தவறு, பாடநூல் படத்தை அப்படியே புடைப்பாக்குவது. கண் ஒரே பார்வையில் பிரித்தெடுப்பதை விரலால் பிரிக்க முடியாது. ஒரு தாளில் நான்கைந்து விவரம் போதும். கோடுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டராவது விடுங்கள். ஒன்று நூல், ஒன்று கொலுசுச் சங்கிலித் துண்டு, ஒன்று மணல் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு தொடுஉணர்வில் இருக்கட்டும்.

சேலத்தையே முதல் படமாக வையுங்கள். நடுவில் நகரத்துக்கு ஒரு பொத்தான், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடக்கே சேர்வராயன் மலை. நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1515 மீட்டர். ஓர் அட்டை 250 மீட்டர் என்று கணக்கு வைத்தால், ஐந்து அட்டைகளைப் படிப்படியாகச் சிறிதாக்கி ஒட்டினால் ஏற்காடு வந்துவிடும். சேர்வராயன் உச்சி 1623 மீட்டர் என்பதால் மேலே ஒரு மெல்லிய அட்டை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அதே படத்தில் ஒட்ட வேண்டாம், விரலுக்கு அது நூல் சிக்கலாகத்தான் தெரியும். பாதையை ஒரே நூலாக ஏற்றிவிட்டு, ஒரே ஒரு வளைவை மட்டும் தனி அட்டையில், கை அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொடுங்கள். மலைப்பேருந்தில் உடம்பு சாய்ந்த பக்கம் அப்போது விரலுக்கும் புரியும்.