உப்புநீர்த் தொட்டியில் மீன் மூச்சு வாங்குகிறது, உடம்பில் வெள்ளைப் புள்ளி: என்ன மருந்து ஊற்றலாம்?

உங்கள் கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் வீட்டில் 200 லீற்றர் கடல்மீன் தொட்டி. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த மீன் மூன்றாம் நாள் சாப்பிடாமல், மூலையில் நின்று மூச்சு வாங்குகிறது. உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். எந்த மருந்தை, எவ்வளவு ஊற்றுவது?

தொட்டிக்குள் எதையும் ஊற்றாதீர்கள். இன்றிரவு அந்த மீனுக்கு வேண்டியது மூச்சு. மருந்தை நாளைக்குப் பார்க்கலாம்.

கொக்குவிலில் ஒன்பது வருடமாகக் கடல்மீன் வளர்க்கிறேன். நோயால் செத்ததைவிட நான் அவசரப்பட்டுச் செய்த வைத்தியத்தால் செத்த மீன்கள்தான் கூட. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் நம்மூர்ச் சூடு. 25 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். சூடு கூடக்கூட மீனுக்கோ ஒட்சிசன் கூடுதலாகத் தேவை. சோளகம் தொடங்கும் முன், சித்திரை மாதத்தில் ஓர் இலைகூட அசையாத பின்னேரங்களில் என் தொட்டி 32ஐத் தொடும். இந்த நிலையில் பூவில் (செவுளில்) ஒட்டுண்ணி வேறு இருந்தால் மீன் என்ன செய்யும்? ஆகவே இப்போதே இன்னொரு காற்றுக்கல்லைப் போடுங்கள். பம்பின் வாயை நீர்மட்டம் கொந்தளிக்கும்படி மேலே திருப்புங்கள். மேசை விசிறியை நீரின் மேல் படும்படி வையுங்கள், ஆவியாகும்போது இரண்டு பாகையாவது குறையும். ஐஸ் கட்டிகளை நேரே போட வேண்டாம்.

ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த அளவை உப்பில்லாத நல்ல நீரால்தான் நிரப்ப வேண்டும். கிணற்று நீர் வேண்டாம். நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம், தோட்டங்களுக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. குடிக்க நல்லாயிருக்கும் கிணறுகூட மீனுக்கு ஒத்துவராமல் போகலாம். வாடைக்கால மழையில் கூரை நன்றாகக் கழுவுப்பட்ட பிறகு நான் இரண்டு பிளாஸ்ரிக் பரல்களில் நீர் பிடித்து வைப்பேன். வருடம் முழுக்க அதுதான் எனக்குக் கைகொடுக்கிறது.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் இன்றே யோசித்து வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாள்களில் அம்மாவும் நானும் முறை வைத்து பிளாஸ்ரிக் ஜக்கால் நீரை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் ஊற்றுவது, பத்து நிமிடம் விடுவது. மீன்கள் எல்லாம் தப்பின. செம்பு, பித்தளைப் பாத்திரத்தால் அள்ள வேண்டாம். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வைத்தால் இந்தப் பாடு இல்லை.

அடுத்தது தனித் தொட்டி. கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்றில்லை. நான் 60 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைத்தான் பாவிக்கிறேன். மணலும் வேண்டாம், கல்லும் வேண்டாம். மீன் ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய் முழங்கைகள், ஒரு காற்றுக்கல், ஒரு ஸ்பொஞ் பில்டர். அந்த ஸ்பொஞ்சை எப்போதும் பெரிய தொட்டிக்குள் ஒரு ஓரத்தில் போட்டு வைத்திருந்தால், அமோனியாவைத் தின்னும் பக்ரீரியா அதில் ஏற்கெனவே குடியிருக்கும். இல்லையென்றால் தினமும் அமோனியா அளந்து நீர் மாற்ற வேண்டும். அழகுக்காக முருகைக்கல் துண்டு எதையும் போட்டுவிடாதீர்கள், அது செப்பு மருந்தை உறிஞ்சிவிடும். பெட்டியின் மூன்று பக்கத்தையும் பழைய சாரத்தால் மூடி, லைற்றை அணைத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாமல் பாருங்கள். மீனை வலையால் பிடிக்காமல் சின்னப் பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் நீரோடு ஏந்தி மாற்றுங்கள். வலை உடம்பின் வழுவழுப்பை உரித்துவிடும், அந்த வழுவழுப்புத்தான் அதற்குக் கவசம். ஓரா போன்ற மீன் என்றால் உங்கள் கையும் தப்பும், முள்ளில் விஷம்.

அந்த இரவு பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 400 கிலோமீற்றர், ஒரு முழு இரவு, மீன் கட்டிய பைக்குள். அது விடும் மூச்சின் காபனீரொட்சைட்டு நீரில் சேர்ந்து பி.எச். இறங்குகிறது. அமோனியாவும் சேர்கிறது, ஆனால் பி.எச். குறைந்த நீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியம் வடிவில் இருக்கும். பையைத் திறந்தால் காபனீரொட்சைட்டு வெளியேறும், பி.எச். ஏறும், அந்த அமோனியம் நச்சு அமோனியாவாக மாறும். இது தெரியாத காலத்தில், பையைத் திறந்து தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணித்தியாலம் விட்டேன். பொறுமையாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று என் கண் முன்னாலேயே பூ மூடி விரிந்தபடி சரிந்தது. இப்போது பையைக் கட்டியபடியே 20 நிமிடம் மிதக்க விட்டு, சூடு சமமானதும் திறந்து உப்பை அளப்பேன். தனிப்பெட்டியின் உப்பை அதற்குச் சமனாக முன்கூட்டியே வைத்திருப்பதால் மீனை மட்டும் உடனே எடுத்து விட்டுவிடலாம். பை நீர் வாய்க்காலுக்கு.

சரி, புள்ளிகள். இரவில் அறையை இருட்டாக்கி, ரோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். உப்புக்கல் தூவியது போல் தனித்தனியாக எண்ணக்கூடியதாக இருந்தால் பெரும்பாலும் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி, வழமையான வெள்ளைப்புள்ளி நோய். மா சலித்தது போல் மெல்லிய பொன்தூசு படிந்திருந்து, மீன் பம்பின் ஓட்டத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றால் அது வெல்வெற் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். நான் மேலே சொன்ன ‘நாளைக்கு’ இதற்குப் பொருந்தாது, ஓரிரு நாளில் கொன்றுவிடும். கோமாளி மீனின் தோல் சளியாக உரிந்தால் புரூக்லினெல்லா என்ற வேறோர் ஒட்டுண்ணி. செட்டையில் பூக்கோவா போல் ஒரு கட்டி மட்டும் என்றால் அது வைரசு, மருந்தே வேண்டாம், நல்ல நீரும் சாப்பாடும் போதும்.

உங்களுடையது வெள்ளைப்புள்ளியாக இருந்து, செப்பு அளக்கும் கிற் கையில் இருந்தால், தனிப்பெட்டியில் செப்பு மருந்து. வெறும் அயன் வடிவச் செப்பு என்றால் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். வேறு வடிவங்களுக்குப் போத்தலில் உள்ள அளவு. குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் மீன் சாகும், அதனால் கிற் இல்லாமல் தொடவே கூடாது. பெரிய தொட்டிக்குள் ஊற்றினால் றால், சங்கு, பவளம் எல்லாம் போய்விடும்.

கிற் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது உப்பைக் குறைக்கும் முறை. தனிப்பெட்டியில் ஒப்படர்த்தியை (நல்ல நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பை அளப்பது இதனால்தான்) 1.025இல் இருந்து 1.009 வரை, இரண்டு நாளில் படிப்படியாக, என் மழைநீரை ஊற்றித்தான் இறக்குவேன். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் நான்கு கிழமை அப்படியே வைத்து, பிறகு பல நாள் எடுத்து மெதுவாக ஏற்றுங்கள். பி.எச். இறங்கும், அப்பச்சோடா கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் சரிசெய்யலாம். வெல்வெற்றுக்கு இந்த முறை உதவாது, அதற்குச் செப்புத்தான்.

நாலைந்து நாளில் புள்ளிகள் தாமாகவே மறையும். உள்ளிச்சாறு கொடுத்ததில் மாறிவிட்டது என்று பலர் நம்புவது இந்த நேரத்தில்தான். உள்ளி வாசனைக்குச் சில மீன்கள் சாப்பிட வரும், உண்மைதான், ஆனால் அது ஒட்டுண்ணியைக் கொல்லாது. புள்ளி மறைந்தது என்றால் ஒட்டுண்ணி கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகப் போகிறது என்று அர்த்தம்.

சாப்பாட்டுக்கு அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாள் ஒன்றும் போட வேண்டாம். போன வருடம் வந்த ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் ஆறு நாள் எதையும் தொடவில்லை. நறுக்கிய றாலை வாய்க்கு நேரே விட்டாலும் விலகிப் போனது. ஏழாம் நாள், உறைய வைத்து எடுத்த மட்டி ஒன்றைப் பிளந்து, ஓட்டோடு அடியில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். விறாந்தைக் கதவிடுக்கால் பார்த்தேன். குழாய்க்குள்ளிருந்து மூக்கை நீட்டி, பின்வாங்கி, திரும்ப வந்து, சதையின் ஓரத்தில் ஒரு கொத்து. அரை மணித்தியாலத்தில் ஓடு துடைத்தது போல் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடலிலிருந்து வரும் மட்டியோ றாலோ, சில நாள் உறைய வைத்த பிறகே போடுங்கள்.

பெரிய தொட்டியில் மற்ற மீன்கள் இருந்தால் அவையும் வெளியே வர வேண்டும். கூடுகள் வெடிக்க 72 நாள் வரை எடுத்ததாகப் பதிவு இருக்கிறது, அதனால் நான் மீன் இல்லாமல் 11 கிழமை விடுவேன். பவளமும் சங்கும் அங்கேயே இருக்கலாம்.

இன்றிரவு தொட்டியின் சூடு, அமோனியா, உப்பு மூன்றையும் அளந்து கீழே எழுதுங்கள். பூ மூடி நிமிடத்துக்கு எத்தனை தரம் திறந்து மூடுகிறது என்பதையும் எண்ணிப் போடுங்கள். நான் விடிய ஐந்து மணிக்கு எழும்புவேன், பார்த்ததும் பதில் எழுதுகிறேன்.