சீனா வளர்கிறது, அதனால் சீனப் பங்குகளில் பணத்தைப் போடலாமா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வயது 41. ஊரில் மனையை விற்றதில் என் பங்காக 8 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர், "உலகத்துக்கே சரக்கு செய்து கொடுக்கிற நாடு சீனா, ஆனால் அங்கே பங்கு விலை மலிவு. மொத்தத்தையும் சீனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டில் போடுங்கள்" என்கிறார். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் கல்லூரி. போடலாமா?

பதில்: மொத்தமாகப் போடாதீர்கள். மகளின் கல்லூரிப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உங்கள் நண்பர் நாட்டைப் பற்றிச் சொன்னது சரிதான். 2007-ல் சீனாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 3.5 லட்சம் கோடி டாலர். 2023-ல் அது 17 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பதினாறு வருடத்தில் ஐந்து மடங்கு! இப்போது ஷாங்காய் பங்குச் சந்தைக் குறியீட்டைப் பாருங்கள். 2007 அக்டோபரில் 6,000 புள்ளிகளைத் தாண்டியது, 2023 முடியும்போது 3,000-க்கும் கீழே நின்றது. 2007-ன் உச்சம் வெறும் வீக்கம், அங்கிருந்து கணக்குப் போடுவது நியாயமில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, அந்த வீக்கம் வடிந்த பிறகு 2009 ஆகஸ்ட் தொடக்கத்தில் வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். அவர் வாங்கும்போதே குறியீடு 3,400-க்கு மேல் இருந்தது. கம்பெனிகள் அவ்வப்போது லாபத்திலிருந்து தரும் டிவிடெண்டை விட்டுவிட்டால் பதினான்கு வருடம் காத்திருந்தும் அவருக்கு நஷ்டம்தான்.

நாடு வளர்ந்தால் பங்கு வைத்திருப்பவரும் வளர்வார் என்று நாம் தானாகவே நினைத்துக்கொள்கிறோம். நடுவில் நிறைய நடக்கிறது. ஒரே பொருளை நூறு கம்பெனிகள் செய்தால் விலை அடிபடும். வாங்குபவருக்கு அது லாபம், பங்குதாரருக்கு மிஞ்சுவது சொற்பம். கம்பெனிகள் புதுப்புதுப் பங்குகளாக வெளியிட்டுக்கொண்டே போனால், வரும் லாபத்தைப் பங்கு போட ஆள் கூடிவிடும். சீனாவில் இன்னொன்றும் உண்டு. எந்தத் தொழில் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதை அரசே ஒரு நாளில் மாற்றிவிட முடியும். 2020 நவம்பரில், செல்போன் வழிப் பணப் பரிமாற்றம் நடத்தும் ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீட்டை, சந்தைக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது நிறுத்தினார்கள். உலகிலேயே மிகப் பெரிய வெளியீடாக இருக்கப்போகிறது என்று பேசப்பட்டது அது. 2021 ஜூலையில், பள்ளிப் பாடங்களுக்கு டியூஷன் நடத்தும் கம்பெனிகள் லாபம் பார்க்கக் கூடாது என்று விதி வந்தது. அமெரிக்கச் சந்தையில் பட்டியலான அந்தக் கம்பெனிகளின் பங்குகள் ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தன. கம்பெனியின் வரவு-கடன் கணக்கான பேலன்ஸ் ஷீட்டை எவ்வளவு படித்திருந்தாலும் அதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாது.

அப்புறம் வீடுகள். நம்மைப் போலவே சீனக் குடும்பங்களும் சேமிப்பின் பெரும்பகுதியை வீட்டில்தான் போட்டிருக்கின்றன. 30,000 கோடி டாலருக்கு மேல் கடனும் பாக்கியும் வைத்திருந்த வீடு கட்டி விற்கும் கம்பெனி எவர்கிராண்ட் 2021-ல் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2024 ஜனவரியில் அதைக் கலைத்துவிட ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டு விலை இறங்கினால் மக்கள் கையை இறுக்கிக்கொள்வார்கள், கடைகளில் விற்பனை படுத்துவிடும். 2022 முதல் மக்கள்தொகையும் குறைந்து வருகிறது. இந்தச் சுமை சீக்கிரம் இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் ஓசூரில் இருப்பதால் ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். சீனாவின் ஏற்ற இறக்கம் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 24 அன்று ஷாங்காய் 8.5 சதவீதம் விழுந்தது, அதே நாளில் நம் சென்செக்ஸ் 1,600 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. 2024 செப்டம்பர் கடைசியில் சீன அரசு ஊக்கத் திட்டங்களை அறிவித்தது. அடுத்த மாதமே வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். உலக உருக்கில் பாதிக்கு மேல் சீனாவில்தான் உற்பத்தியாகிறது. அங்கே கட்டுமானம் படுத்தால் மிஞ்சும் உருக்கு வெளியே வரும், இங்கே விலை இறங்கும். 2025 ஏப்ரலில், காந்தம் செய்யத் தேவைப்படும் அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டபோது, மோட்டாருக்குக் காந்தம் கிடைக்காமல் உற்பத்தியைக் குறைத்த வாகன நிறுவனங்கள் நம் நாட்டில் உண்டு. உங்கள் வேலையே வாகனத் துறையில் இருக்கும்போது, சேமிப்பையும் அதே நாட்டின் தலையில் கட்டுவது ஆபத்து. இரண்டும் ஒரே நேரத்தில் அடி வாங்கலாம்.

நான் செய்யச் சொல்வது இதுதான். 5 லட்சத்தை மகளின் படிப்புக்காக வங்கி டெபாசிட்டில் வையுங்கள். வங்கி மூழ்கினால் கைகொடுக்கும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான், அதனால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். 2.6 லட்சத்தை ஒரு வருடத்தில் பிரித்து, நம் நாட்டின் 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைக்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். அதை ஏழெட்டு வருடம் தொடாதீர்கள். மீதி 40,000 ரூபாயைப் பத்து மாதமாக, மாதம் 4,000 என்று சீன ஃபண்டில் போட விரும்பினால் தடுக்க மாட்டேன். பாதியாகக் குறைந்தாலும் வீடு தாங்கும் தொகை அது.

வாங்கும்போது ஒரு கவனம். நம் மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டில் மொத்தமாக இவ்வளவுதான் முதலீடு செய்யலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. அது நிரம்பும்போது ஃபண்டுகள் புதுப் பணம் வாங்குவதை நிறுத்திவிடுகின்றன. அப்போது பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்டுகளான இடிஎஃப்-களின் யூனிட் விலை, உள்ளே இருக்கும் பங்குகளின் உண்மை மதிப்பைவிட ஏறிப்போகும். ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் போட்டிருக்கும் மதிப்போடு சந்தை விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால் அந்த மாதம் வாங்க வேண்டாம்.

கடன் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தனிநபர் கடனோ நகைக்கடனோ இருந்தால் முதலில் அதை அடையுங்கள், அந்த 40,000 ரூபாயிலிருந்தே ஆரம்பிக்கலாம்.