பந்து ஏன் மிதக்கிறது? பிளெண்டர் கிராஃப் எடிட்டர் கேள்வி பதில்

அண்ணா, பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் பந்து துள்ளும் பயிற்சி செய்கிறேன். கீஃப்ரேம் (பொருளின் நிலையைக் குறித்து வைக்கும் புள்ளி, சுருக்கமாகக் கீ) எல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பந்து பஞ்சு மாதிரி இறங்குகிறது. இடையில் இன்னும் கீ போட வேண்டுமா?

வேண்டாம். நானும் ஆரம்பத்தில் கீயை அடுக்கிக்கொண்டே போய்ப் பல நாள் வீணாக்கியிருக்கிறேன். அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் இசட் லொகேஷன் (மேல்-கீழ் நிலை) கோட்டை மட்டும் பாருங்கள். இடமிருந்து வலம் ஃப்ரேம், கீழிருந்து மேல் உயரம். கோடு செங்குத்தாக இருந்தால் வேகம், படுத்துக் கிடந்தால் பொருள் நிற்கிறது. உங்கள் கோடு தரையைத் தொடும் இடத்தில் கிண்ணத்தின் அடி போல வளைந்திருக்கும். அதாவது பந்து தரைக்கு வருவதற்கு முன்பே பிரேக் பிடிக்கிறது.

ஹேண்டில் என்பது கீயின் இருபுறமும் நீண்டு, கோட்டின் வளைவை மாற்றும் பிடி. பிளெண்டர் தானாகப் போடும் ஆட்டோ கிளாம்ப்ட் வகை ஹேண்டில், உச்சியிலும் அடியிலும் கோட்டைப் படுக்க வைத்துவிடும். உச்சியில் அது சரி, பந்து அங்கே ஒரு கணம் தயங்கத்தான் வேண்டும். தரையில் கூடாது. தரைக் கீயைத் தேர்ந்தெடுத்து 'வி' அழுத்தி, ஹேண்டில் வகையாக வெக்டர் கொடுங்கள். கோடு கூர்மையாகிவிடும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். விழும் பொருள் தரையில் மோதும்போது அதன் வேகம், விழுந்த சராசரி வேகத்தைப் போல இரண்டு மடங்கு. அதனால் ஹேண்டிலைக் கையால் இழுத்து இன்னும் செங்குத்தாக்குங்கள். அப்போதுதான் பந்துக்கு எடை வரும்.

அடுத்தடுத்த துள்ளலுக்கு எத்தனை ஃப்ரேம் விடுவது? நான் எல்லாவற்றுக்கும் 12 வைத்திருக்கிறேன்.

உயரம் குறையக் குறைய நேரமும் குறைய வேண்டும், ஆனால் ஒரே விகிதத்தில் அல்ல. உயரம் கால்வாசியானால் நேரம் பாதியாகும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால், 2 மீட்டர் உயரத்திலிருந்து விழ ஏறக்குறைய 15 ஃப்ரேம் ஆகும். அடுத்து அரை மீட்டர் எழும்பினால், ஏறி இறங்க இரண்டுக்கும் சேர்த்தே அதே 15 போதும்.

கதாபாத்திரம் தலை திருப்புவது மந்தமாகத் தெரிகிறது. டைமிங் மாறாமல் அழுத்தத்தை மட்டும் கூட்ட முடியுமா?

முடியும். கீகளைத் தேர்ந்தெடுத்து 'எஸ்', அப்புறம் 'ஒய்' அழுத்தி மவுஸை நகர்த்துங்கள். வீச்சு மட்டும் பெருகும், ஃப்ரேம் அசையாது. ('எஸ்', 'எக்ஸ்' என்றால் நேரம் மட்டும் நீளும்.) ஒரு கவனம்: பிவட்டை (எந்தப் புள்ளியை மையமாக வைத்துப் பெருக்குவது என்ற அமைப்பு) 2டி கர்சர் என்று மாற்றி, கர்சரைத் தலை நேராக இருக்கும் மதிப்பில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் தொடக்க நிலையே கோணலாகிவிடும்.

ஊன்றி நிற்க வேண்டிய கால் லேசாக வழுக்குகிறது. இரண்டு கீயிலும் ஒரே மதிப்புதான்.

ஹேண்டில் ஆட்டோமேட்டிக்கில் இருக்கும். அது இரண்டு கீக்கு நடுவே கோட்டைப் பிதுக்கிவிடும். ஆட்டோ கிளாம்ப்டுக்கு மாற்றினால் நேராகிவிடும்.

கேமரா நடுக்கத்துக்குக் கையால் கீ போட்டுக் களைத்துவிட்டேன்.

கோட்டில் தானாகவே நடுக்கம் சேர்க்கும் நாய்ஸ் மாடிஃபையர் இருக்கிறதே! கோட்டைத் தேர்ந்தெடுத்து, பக்கப் பட்டையில் மாடிஃபையர் தாவலில் சேருங்கள். ஸ்ட்ரெங்த் நடுக்கத்தின் அளவு, ஸ்கேல் அதன் படபடப்பு. ஸ்கேலைக் கூட்டினால் நிதானமாகும். எக்ஸ், இசட் இரண்டு கோட்டிலும் ஃபேஸ் எண் (நடுக்கம் தொடங்கும் இடம்) ஒன்றாக இருந்தால் கேமரா ஒரே சாய்வுக்கோட்டில் போய்ப்போய் வரும், அதனால் வேறு வேறு எண் கொடுங்கள். வெடிச் சத்தம் வரும் ஃப்ரேமில் மட்டும் நடுங்கினால் போதும் என்றால், ஃப்ரேம் வரம்பைக் குறித்து, பிளெண்ட் அவுட்டில் ஒரு 10 கொடுத்துப் பாருங்கள். நடுக்கம் சட்டென்று அறுபடாமல் மெல்ல அடங்கும்.